கட்டையில் செய்த மீன் தண்ணீரில் புரள்கிறது, வழி சொல்லுங்கள்

அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். எனக்கு சோழவந்தான் பக்கம். தென்கரைக் கண்மாயில் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் விராலுக்குத் தூண்டில் போடுகிறேன். இரை மாதிரி காட்டி விராலை ஏமாற்றக் கடையில் வாங்கின ரப்பர் தவளை இரண்டும் கொடியில் மாட்டி அறுந்து போனதால், சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

கல்யாண முருங்கைக் கட்டையை 8 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, கெண்டைக்குஞ்சு மாதிரி செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயிற்றில் ரம்பத்தால் கீறி மூக்கிலிருந்து வால் வரை ஒரே எஃகுக் கம்பியை ஓட்டியிருக்கிறேன். இரண்டு தூண்டில் முள்ளும் அந்தக் கம்பியிலேயே தொங்குவதால், விரால் எவ்வளவு இழுத்தாலும் கட்டைதான் உடையும், முள் கழன்று போகாது. தாடைக்குக் கீழே பழைய சிடியில் கட்டைவிரல் நகம் அளவு வெட்டிச் சொருகினேன். வயிற்றில் ஒரு ஈயக்குண்டு.

மடைப் பக்கம் கொடி இல்லாத இடத்தில் போட்டு நரம்பை மெதுவாகச் சுற்றி இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு உயிர்மீன் மாதிரியே வருகிறது, பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது. கொஞ்சம் வேகம் கொடுத்தால் போதும், இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் வயிறு மேலே தெரியப் புரள்கிறது. மூக்கு வளையத்தை லேசாக வலது பக்கம் வளைத்தேன், பாதி சரியானது. ஈயத்தைக் கூட்டினால் மூழ்கிவிடுகிறது.

தாடைத் தகட்டைச் சின்னதாக்க வேண்டுமா, ஈயத்தை இன்னும் அடிவயிற்றுக்கு இறக்க வேண்டுமா? அப்புறம், வார்னிஷ் இரண்டு கோட் அடித்தும் முள் உரசும் இடத்தில் தண்ணீர் இறங்கி மரம் ஊதுகிறது. அரால்டைட் பசை பூசிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.