துணிக்கை ஆர்முடுக்கிப் பௌதிகவியலாளர் செய்யும் வேலை என்ன?

மாணவி, திருநெல்வேலி:
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புக் கற்கையைத் தொடர்கிறேன். மேற்படிப்புக்கு ஆர்முடுக்கித் துறையை (மின்னேற்றமுள்ள துணிக்கைகளை மிக வேகமாக ஓடச் செய்யும் கருவிகளைப் பற்றியது) எடுக்கப்போவதாகச் சொன்னால், "ஹிக்ஸ் துணிக்கையைத் தேடப் போகிறீரோ?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இத்துறையினர் உண்மையில் என்ன செய்கிறார்கள்? நான் எதைக் கூடுதலாகப் படிக்க வேண்டும்?

வடமராட்சியான்:
தங்கச்சி, துணிக்கையைத் தேடுபவர் வேறு, அவருக்குக் கற்றையை, அதாவது ஒன்றாக ஓடும் துணிக்கைக் கூட்டத்தை, ஆக்கிக் கொடுப்பவர் வேறு. நீங்கள் கேட்பது இரண்டாமவரின் தொழில். ஜெனீவாவுக்கு அருகே சேர்ன் ஆய்வுகூடத்தில், துணிக்கைகளை எதிரெதிரே மோதவிடும் பெரிய மோதுவியின் சுற்றளவு ஏறக்குறைய 27 கிலோமீற்றர். அதைச் செக்கனுக்கு 11,000 தடவைக்கு மேல் சுற்றும் புரோத்தன்கள், குழாய்ச் சுவரில் முட்டாமல் மணிக்கணக்காக ஓட வேண்டும். அவற்றின் பாதையை வளைப்பதற்கு, 1.9 கெல்வினுக்குக் குளிர்விக்கப்பட்ட 1,232 இருமுனைக் காந்தங்கள் இருக்கின்றன. குவிப்பதுதான் சிக்கல்: நான்முனைக் காந்தம் கற்றையைக் கிடையாகக் குவித்தால் நிலைக்குத்தாக விரிக்கும். ஆனால் அவற்றை மாறி மாறி அடுக்கினால் இரு திசைகளிலும் குவியும் என்பதை, 1952இல் அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வுகூட விஞ்ஞானிகள் வெளியிடுவதற்கு முன்னரே, ஏதென்சில் மின்னுயர்த்தி நிறுவனமொன்றில் வேலை செய்த கிறிஸ்டோஃபிலோஸ் என்ற பொறியியலாளர் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. இந்தப் பெரிய மோதுவி இருக்கும் நிலத்தடிச் சுரங்கத்தில் முன்னர் இயங்கிய இலத்திரன் மோதுவியில் கற்றையின் சக்தி காரணமின்றி மாறுவதாகத் தோன்றியது. தேடிப் பார்த்தால், சந்திரனின் ஈர்ப்பு நிலத்தையே அசைத்து, 27 கிலோமீற்றர் வளையத்தின் சுற்றளவை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் மாற்றியிருந்தது! பிரெஞ்சு விரைவு ரயிலின் தண்டவாளத்திலிருந்து கசிந்த மின்னோட்டமும் காந்தப்புலத்தைக் குழப்பியது. இப்படியான காரணங்களைத் துருவிப் பிடிப்பதே இவர்களின் அன்றாட வேலை.

சித்தன்கேணி ஆசிரியர்:
சேர்னைப் பற்றி மட்டும் சொல்லிப் பிள்ளையைத் திசைதிருப்ப வேண்டாம். உலகிலுள்ள ஆர்முடுக்கிகளில் பெரும்பாலானவை வைத்தியசாலைகளிலும் தொழிற்சாலைகளிலுமே உள்ளன. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலுள்ள நேர்கோட்டு ஆர்முடுக்கியும் இலத்திரன்களை முடுக்கித் தங்குதன் இலக்கில் மோதச் செய்தே எக்ஸ் கதிரைப் பெறுகிறது. அயலில் இந்தியாவின் இந்தூரில் 2.5 ஜிகா இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள இலத்திரன்கள் வளைந்தோடும்போது உமிழும் கதிர்களை ஆய்வுக்குத் தரும் இண்டஸ்-2 ஒளிமூலம் இருக்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை, மின்காந்தவியலையும் இயக்கத்தைச் சக்தியின் வழியே விவரிக்கும் ஹமில்ற்றனின் பொறிமுறையையும் இறுகப் பிடியுங்கள். உயர்தரத்தில் படித்த எளிமை இசை இயக்கத்தில் வில்மாறிலி பாதை நெடுகிலும் ஆவர்த்தனமாக மாறினால் கிடைப்பதே ஹில்லின் சமன்பாடு. கற்றையின் குறுக்கசைவு முழுவதற்கும் அதுவே அடிப்படை. அதைக் கணினியில் நீங்களே எழுதி, எந்தக் காந்த வலிமையில் அசைவு கட்டுமீறிப் பெருகுகிறதென்று பாருங்கள். அந்த வேலையில் அலுப்புத் தட்டாவிட்டால் விண்ணப்பியுங்கள்.