இந்த ஜேர்மன் ஓவியர் ஏன் எல்லாரையும் முதுகு காட்டியே கீறியிருக்கிறார்?

பண்ணைக்காத்து:
வணக்கம். ஜேர்மனியிலை இருக்கிற பெரியண்ணா நத்தார் லீவுக்கு வரேக்க ஒரு கலண்டர் கொண்டுவந்தவர், முழுக்க காஸ்பர் டாவிட் ஃபிரீட்ரிஹ் எண்டவற்ற படங்கள். பக்கம் பக்கமாப் பிரட்டிப் பாத்தன், ஒருத்தற்ற முகமும் தெரியேல்லை. மலையுச்சியிலை நிக்கிறவரும் முதுகு, யன்னலாலை எட்டிப் பாக்கிற மனுசியும் முதுகு, கடற்கரைக் கல்லிலை குந்தியிருக்கிறவையும் முதுகு. அம்மா பாத்திட்டு "ஆளுக்கு முகம் கீற வராது போல" எண்டிட்டுப் போட்டா. உண்மையோ? ஆர் இவர்?

சித்திர ரீச்சர்:
ஹாஹா, முகம் நல்லாவே வரும் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ. தன்ர முகத்தையே கறுப்புச் சோக்காலை கீறினது பேர்லினிலை இருக்கு, அந்தக் கண்ணை நேரை பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். முதுகு வேணுமெண்டு கீறினதுதான். முகம் தெரிஞ்சால் நாங்கள் ஆளைத்தான் பாப்பம், முதுகெண்டால் அவர் பாக்கிறதை நாங்களும் பாப்பம், கோயிலிலை முன்னுக்கு நிக்கிறவற்ற தோளுக்கு மேலாலை எட்டிச் சாமி கும்பிடுறேல்லையோ, அது மாதிரி.
ஆள் 1774 இலை கிறைஃப்ஸ்வால்ட் எண்ட பால்டிக் கடற்கரை ஊரிலை பிறந்தவர், அப்ப அது சுவீடன்ர ஆட்சியிலை. தகப்பன் மெழுகுதிரி, சவுக்காரம் செய்யிறவர். தாய் சின்ன வயசிலையே போட்டா, பதின்மூண்டு வயசிலை கண்ணுக்கு முன்னாலை ஐஸ் உடைஞ்சு சகோதரம் தண்ணிக்குள்ளை போட்டுது. கொப்பன்ஹேகனிலை படிச்சு 1798 இலை டிரெஸ்டனுக்கு வந்தவர், 1840 இலை செத்ததும் அங்கைதான்.

கோண்டாவிலான்:
ரீச்சர் குறை நினைக்காதேங்கோ, சகோதரம் செத்த கதையை வைச்சே கனபேர் எல்லாப் படத்தையும் விளங்கப்படுத்துறது எனக்குச் சரியாப் படேல்லை. மனுசன் வேலையிலை பயங்கர கவனம். வெளியிலை போய் மரம், பாறை எல்லாம் பென்சிலாலை கீறிக்கொண்டு வந்து, வீட்டை இருந்துதான் பெயின்ற் அடிக்கிறது, அதுவும் ஒரு சாமானும் இல்லாத வெறும் அறையிலை, கூட்டாளி கேர்ஸ்ரிங் அந்த அறையைக் கீறி வைச்சிருக்கிறார். 1818 அளவிலை கீறின அந்த மலையுச்சிப் படமும் டிரெஸ்டனுக்குக் கிட்ட இருக்கிற மலையளிலை வேறை வேறை இடத்திலை கீறினதுகளைப் பொருத்தினதுதான், இதுதான் அந்த இடமெண்டு தேடிப்போய் செல்ஃபி எடுக்கேலாது.

ஹம்பேர்க் மாமி:
பிள்ளையள், அந்தப் படம் எங்கட ஊர் மியூசியத்திலைதான் இருக்கு. 2024 இலை அவர் பிறந்து 250 வருசம் எண்டு கண்காட்சி வைச்சவை, நானும் போனனான், ஏதோ சுவர் முழுக்க இருக்கும் எண்டு நினைச்சால் ஒரு மீற்றர் உயரம்கூட இல்லை! என்னை நிப்பாட்டினது மற்றது, கப்பலை நொருக்கிப்போட்டு ஐஸ் பாளம் பாளமா எழும்பி நிக்கிற படம். 1824 இலை முடிச்சது, அவர் சாகுமட்டும் விக்கேல்லையாம். கடைசிக் காலம் கஷ்டம்தான், 1835 இலை பாரிசவாதம் வந்தபிறகு எண்ணெய் வர்ணம் பெரிசாத் தொடேலாமப் போச்சு. சனமும் மறந்திட்டுது, 1906 இலை பேர்லினிலை வைச்ச கண்காட்சியாலைதான் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தவர். இப்ப ரீ குடிக்கிற கப்பிலையும் அந்த முதுகுதான்.

பண்ணைக்காத்து:
எல்லாருக்கும் நன்றி. எனக்குப் பிடிச்சது கடற்கரையிலை தனியா ஒரு சாமியார் நிக்கிற படம். மலை அழகெண்டு சொல்லுவினம், எங்களுக்கு ஏது மலை, ஆனா இது பண்ணைப் பாலத்திலை மழை இருட்டிக்கொண்டு வரேக்க நிண்டு பாக்கிற மாதிரியே கிடக்கு. வானம்தான் முக்கால்வாசி.

சித்திர ரீச்சர்:
1810 இலை அதைப் பிரஷ்யா ராசா வாங்கினவர். முதல் அதிலை கப்பலும் கீறியிருந்தவர், பிறகு எடுத்திட்டார், அகச்சிவப்புக் கதிரிலை பாக்கேக்க கோடுகள் அடியிலை தெரியுது. படத்திலை ஒண்டுமில்லை எண்டு அப்பவே கனபேருக்குக் கோவம்.

பண்ணைக்காத்து:
அய்யோ, கப்பலை அழிச்சதுதான் சரி. கலண்டரிலை அது நவம்பருக்கு வருது, நான் இப்பவே அந்தப் பக்கத்தைப் பிரட்டிக் கொழுவியிட்டன், விரத நாள் பாக்கேலாமல் கிடக்கெண்டு அம்மா கத்திக்கொண்டு நிக்கிறா.