பிரஷர் மாத்திரையால் கால் வீங்கும் என்று டாக்டர் முன்பே சொல்ல வேண்டாமா?

ஈரோட்டுப் பொண்ணு:
அம்மாவுக்கு 64 வயது. பிரஷருக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. போட்டுக்கொண்டிருந்தார். குறையவில்லை என்று 10 ஆக்கினார்கள். கொஞ்ச நாளில் இரண்டு கணுக்காலும் வீங்கி, சாயங்காலமானால் செருப்பே நுழையவில்லை. கிட்னிதான் போய்விட்டது என்று பயந்து எல்லா டெஸ்டும் எடுத்தோம். எல்லாம் நார்மல். கடைசியில் வேறொரு டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே "இதுதான் காரணம்" என்றார். அளவைக் கூட்டிய அன்றே இதை ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா?

மருந்துக்கடை மாமா:
கோபம் புரிகிறது. ஆனாலும் நான் எதிர்க்கட்சி. பக்கவிளைவைச் சொன்னாலே அது வந்துவிடும் ஆட்கள் உண்டு. இத்தாலியில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு: 96 ஆண்களுக்கு அடெனோலால் என்ற பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். என்ன மருந்தென்றே தெரியாத குழுவில் சுமார் 3 சதவீதம் பேர்தான் ஆண்மைக் குறைவு என்றார்கள். மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 16. பக்கவிளைவையும் சொல்லிக் கொடுத்த குழுவில் 31. எல்லோருக்கும் அதே மாத்திரைதான்!

ஈரோட்டுப் பொண்ணு:
அம்மா காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது மாமா. அதுவும் மனப்பிரமையா?

நெல்லை வாசு:
மாமா சொல்லும் ஆய்வு உண்மை. ஆனால் இங்கே பொருந்தாது. ஆம்லோடிபின், ரத்தத்தைக் கொண்டுவரும் சின்னத் தமனிகளை நன்றாக விரித்துவிடும். ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. வரத்து கூடி வடிகால் அப்படியே இருந்தால் என்ன ஆகும்? நடுவில் தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் திசுக்களுக்குள் கசியும். புவியீர்ப்பால் அது கணுக்காலில் சேரும். அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது: 5 மி.கி.யில் 3 சதவீதம் பேருக்கு வீக்கம், 10 மி.கி.யில் கிட்டத்தட்ட 11. மருந்தில்லாத வெறும் மாத்திரை போட்டவர்களில் 1 சதவீதம்கூட இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, 10 மி.கி. போடும் ஒரு பெண்ணுக்கு இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம்தான்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. வீக்கத்தைப் பார்த்ததும் நீர் பிரியும் மாத்திரையைச் சேர்ப்பது. உடம்பில் நீர் கூடிப்போய் வந்த வீக்கம் இல்லை என்பதால் அது பெரிதாக வடியாது. வயதானவர்களுக்கு சோடியமும் பொட்டாசியமும் இறங்கும், ராத்திரியில் பாத்ரூமுக்கு நடந்து நடந்து விழுவார்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரை மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இயற்கை நேசன்:
இதற்குத்தான் இந்த இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்கிறேன். பிரஷருக்கு சர்ப்பகந்தா வேர் இருக்கிறது. பக்கவிளைவே கிடையாது.

நெல்லை வாசு:
நண்பரே, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதியதே அந்த வேரைப் பற்றித்தான். 1952இல் அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். உலகமே கொஞ்ச காலம் அதைச் சாப்பிட்டது. மூக்கடைப்பு, சோர்வு, மனச்சோர்வு என்று புகார்கள் வந்தன. பிரஷரை இறக்கும் அளவுக்கு வேலை செய்யும் வேர் வேறெதையும் தொடாமல் விட்டுவிடுமா?

காவிரிக்கரை:
என் அப்பாவுக்குப் பிரஷருக்கு ராமிப்ரில் மாத்திரை. வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. சிரப், எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. அப்புறம் அவராகவே சந்தேகப்பட்டு மாத்திரையை விட்டுவிட்டார், இருமல் போய்விட்டது. பிரச்சினை என்னவென்றால், பிரஷர் மாத்திரை என்றாலே இருமல் என்று முடிவு கட்டி வேறெதையும் தொடவே மாட்டேன் என்கிறார். டெல்மிசார்டன் போன்ற வேறு பிரஷர் மாத்திரைகளில் அந்த இருமல் மிக அரிது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. சொல்லாமல் விட்டதன் பலன் இது, மாமா.

மருந்துக்கடை மாமா:
கால் வீக்கமோ இருமலோ உயிரை எடுக்காது, பக்கவாதம் எடுக்கும். நான் பார்ப்பது அதை. மெட்டோப்ரோலால், குளோனிடின் மாதிரி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும் என்பது நிறுத்துகிறவர்களுக்குத் தெரியாது. கூகுளில் பார்த்தேன், நிறுத்திவிட்டேன் என்று கடையில் வந்து பெருமையாகச் சொல்கிறார்கள். தவிர, வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது டாக்டர் எத்தனை பக்கவிளைவைச் சொல்லிக்கொண்டிருப்பார்?

நெல்லை வாசு:
முழுப் பட்டியலை யார் கேட்டது? "கால் வீங்கினால் நிறுத்தாதீர்கள், வந்து சொல்லுங்கள்." ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

ஈரோட்டுப் பொண்ணு:
அந்த இரண்டாவது டாக்டர் அப்படித்தான் செய்தார். ஆம்லோடிபினை 5க்கு இறக்கி டெல்மிசார்டன் சேர்த்தார். அது சிரைகளையும் விரிப்பதால் வீக்கமும் குறையும் என்றார், குறைந்தது. டெல்மிசார்டனால் பொட்டாசியம் ஏறலாம் என்பதால் ரத்தத்தில் அதையும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்க்க வேண்டும், சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்க வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது என்றும் சொன்னார். அம்மா பயப்படவில்லை. உப்பு டப்பாவைத்தான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

மருந்துக்கடை மாமா:
பக்கத்து வீட்டில் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று விசாரித்தாரா? சரி, சொல்லட்டும். ஆனால் மறுநாளே காலைத் தூக்கிக்கொண்டு "வீங்கியிருக்கிறதா பாருங்கள்" என்று என் கடைக்குத்தான் வருவார்கள்.

காவிரிக்கரை:
வரட்டுமே மாமா. என் அப்பா எங்கேயும் வருவதில்லை, அதுதான் கவலை.