மார்டன்ட்: ‘நீடித்த நிறமூன்றி’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

சூழலைக் கெடுக்காத மார்டன்டை (sustainable mordant) தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது. சாயம் துணியில் பிடித்து நிற்கச் சேர்க்கும் பொருளே மார்டன்ட். அதற்கு ‘நிறமூன்றி’ போதும் என்பதே என் கருத்தும். சாயத்துக்கு முன்னால், சாயத்தோடு, சாயத்துக்குப் பிறகு என மூன்று விதமாகவும் அதைச் சேர்ப்பார்கள். முன்னூன்றல், உடனூன்றல், பின்னூன்றல் என்று சொல் தானாகக் கிளைக்கிறது. ‘சாயப்பிணைப்பி’ என்ற மாற்றுச் சொல்லில் இவ்வளவு சுலபமாக வராது.

சிக்கல், ‘sustainable’ என்பதற்காக அதன் முன்னால் ஒட்டப்போகும் அடைமொழியில்தான். ‘நீடித்த நிறமூன்றி’ என்றால் சாயப்பட்டறைக்காரர் என்ன நினைப்பார்? எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காத நிறம் தருவது என்றுதான். அந்தக் கணக்கில் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பும் நீடித்ததுதான், நிறத்தை நன்றாகவே பிடித்து நிறுத்தும். புற்றுநோய் உண்டாக்கும் அதன் குரோமியம்-6 கழிவுநீரோடு வெளியே போகிறதே என்பதுதானே நம் கவலை! ‘பசுமை நிறமூன்றி’ இன்னும் மோசம், பச்சைச் சாயத்துக்கானது என்றே படும்.

சரி, ‘தாவர நிறமூன்றி’? இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் சிம்ப்ளோகோஸ் மரத்தின் பழுத்து உதிர்ந்த இலைகளைப் பொடித்து, நுணா வேர்ச் சிவப்புக்குச் சேர்க்கிறார்கள். நம் நாட்டு மருந்துக்கடை வெள்ளிலோத்திரமும் அந்த இனம்தான். ஆனால் அங்கே வேலை செய்வது, மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்த அலுமினியம். வழக்கமான நிறமூன்றியான படிகாரத்திலும் அதே அலுமினியம்தான். தாவரம், உலோகம் என்று பிரித்தால் இதை எந்தப் பக்கம் வைப்பது?

அப்புறம் கடுக்காய். துணியில் கையால் வரையும் காளஹஸ்தி கலம்காரியில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பால் இருப்பதால் கோடு பரவாது. பழைய இரும்பும் வெல்லமும் ஊறிய நீரான கசிமியைத் தொட்டு, மஞ்சளோடிய அந்தத் துணியில் இழுத்தால் கோடு கறுத்துவிடும். கசிமி மட்டும் அந்தக் கறுப்பைத் தராது, கடுக்காயின் துவரோடு (டானின்) இரும்பு சேர வேண்டும். (இரும்பு மிஞ்சினால் துணி நாளடைவில் இற்றுப்போகும், அது வேறு கதை.) பருத்தியில் படிகாரம் சரியாகப் பற்றுவதற்கும் இதே துவர்தான் துணை. ஆகவே துணியைக் கடுக்காய் நீரில் நனைக்கும் இந்தப் படிக்கு ‘துவரேற்றம்’ என்று தனிப்பெயர் தரலாம். துவர் ஏற்றிய உடையைக் குறிக்கும் ‘துவராடை’ தேவாரத்திலேயே இருக்கிறது, சொல் யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

என் பரிந்துரை ‘நச்சிலா நிறமூன்றி’. தண்ணீர்ச் செலவு, விறகு, மரப்பட்டை உரிப்பு எல்லாம் இதில் அடங்கவில்லையே என்பீர்கள். அடங்காதுதான். ஓர் அடைமொழி அத்தனையையும் சுமக்க வேண்டாம், மீதியைக் கட்டுரைக்குள் விளக்கிக்கொள்ளலாம்.

துவரேற்றத்துக்குப் பட்டறைகளில் ஏற்கெனவே பெயர் ஏதும் இருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.