மறுமொழி: மவுண்ட் = பிணைப்பு? அறுந்த பிணைப்பும் சிக்கிய பிணைப்பும்

அனைவருக்கும் வணக்கம்.

பனியன் கம்பெனி ஆர்டர் விவரங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அடைவுகளாக (ஃபோல்டர்களாக) காட்டும் கோப்பமைப்பு (ஃபைல் சிஸ்டம்) ஒன்றைத் திருப்பூர்த் தம்பி பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டது உதவி. அது பாதியில், மவுண்டுக்கு (ஒரு கோப்பமைப்பை ஓர் அடைவில் கொண்டுவந்து சேர்ப்பதற்கு) தமிழில் என்ன சொல் என்ற கலைச்சொல் விவாதமாகிவிட்டது. நான் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இந்த இடத்தில் சொல் மாறினால் தீர்வும் மாறிப்போகிறது.

> கோப்பமைப்பு அடிக்கடி தொங்கிவிடுகிறது. எல்எஸ் கொடுத்தால் அப்படியே நிற்கிறது. சில சமயம் 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்' என்று வருகிறது.

தம்பி, நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பது இரண்டு கோளாறு. ஃபியூஸ் என்பது சாதாரண நிரல் ஒன்றே கோப்பமைப்பாக இயங்க வழிதரும் லினக்ஸ் வசதி. அதில் கருனி (கெர்னல், இயங்குதளத்தின் மையம்) தானாக எந்தக் கோப்பையும் படிப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கையையும் /டெவ்/ஃபியூஸ் வழியாக உங்கள் நிரலுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். நிரல் செத்துப்போனால் கேட்க ஆள் இல்லை என்று கருனிக்குத் தெரியும், உடனே பிழை எண் 107 தரும், நீங்கள் பார்த்த 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட்' செய்தி அதுதான். நிரல் உயிரோடு இருந்து பதில் சொல்லாவிட்டால் கருனி காத்துக்கொண்டே இருக்கும், அடைவைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையும் கூடவே நிற்கும்.

> இரண்டுக்கும் பொதுவாகத் 'தொங்கல் ஏற்றம்' என்று வைக்கலாமே?

ஈரோட்டு அக்கா, இதில் இரண்டு சொல்லையுமே நான் ஏற்கவில்லை. முதலில் 'ஏற்றம்'. மவுண்டுக்கு 'ஏற்று' என்று நம்மில் பலர் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் கருனிக் கூறு (மாட்யூல்) ஒன்றை லோடு செய்வதும் ஏற்றுவதுதான், இணையத்துக்கு ஒரு படத்தை அனுப்புவதும் பதிவேற்றம்தான். தம்பிக்குப் போன மடலில் ஒருவர் "முதலில் ஃபியூஸை ஏற்றுங்கள், பிறகு கோப்பமைப்பை ஏற்றுங்கள்" என்று எழுதியிருந்தார். அவை இரண்டு தனிக் கட்டளைகள் என்று அதைப் படிக்கும் புதியவருக்கு எப்படித் தெரியும்?

என் பரிந்துரை 'பிணைப்பு'. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியில் ஒரு பாவு (நெடுக்கு இழைகளின் தொகுதி) தீர்ந்தால் பழைய பாவின் நுனியை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனியோடு சேர்த்து முடிவார்கள். பாவு பிணைப்பது என்பது அதுதான். மவுண்டிலும் ஏற்கெனவே இருக்கும் ஓர் அடைவில்தான் புதிய அடைவுமரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். பழைய அடைவில் இருந்த கோப்புகள் மறைந்து கிடக்கும் என்பது இந்தச் சொல்லில் வராது. அது 'ஏற்று', சிலர் எழுதும் 'பொருத்து' இரண்டிலும் வராததுதான்.

இதை எடுத்துக்கொண்டால் மற்றவை தாமே வந்துவிடுகின்றன. அன்மவுண்டுக்கு 'அவிழ்'. மவுண்ட் பாயிண்டுக்குப் 'பிணைமுனை'. நிரல் செத்துப்போய்க் கருனியில் பெயர் மட்டும் மிஞ்சியிருப்பது 'அறுந்த பிணைப்பு'. நிரல் உயிரோடு இருந்தும் பதில் வராமல் நிற்பது 'சிக்கிய பிணைப்பு'. நிரல் இறந்தால் தானே அவிழும்படி ஆட்டோ அன்மவுண்ட் என்றொரு தெரிவு (ஆப்ஷன்) இருக்கிறது, அதற்குத் 'தானவிழ்ப்பு'.

அறுந்ததற்கும் சிக்கியதற்கும் ஒரே சொல் வைக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அறுந்த பிணைப்பில் கொல்வதற்கு எந்த நிரலும் இல்லை. ஃபியூசர்மவுண்ட் என்ற கட்டளையை -யு கொடுத்து இயக்கி அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பிணைத்தால் வேலை முடிந்தது. சிக்கியதில் அப்படி முடியாது. /சிஸ்/எஃப்எஸ்/ஃபியூஸ்/கனெக்‌ஷன்ஸ் அடைவில் ஒவ்வொரு பிணைப்புக்கும் எண் பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதில் உள்ள 'வெயிட்டிங்' கோப்பைப் படித்தால் எத்தனை கோரிக்கை நிலுவையில் நிற்கிறது என்று தெரியும். யாரும் எதையும் தொடாதபோதும் அந்த எண் பூஜ்யத்துக்கு வராவிட்டால் சிக்கியிருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே இருக்கும் 'அபார்ட்' கோப்பில் எதையாவது எழுதினால் நிலுவையில் உள்ளவை எல்லாம் பிழையோடு திரும்பும். அதாவது சிக்கியதை நாமே அறுக்கிறோம், அப்புறம் அவிழ்க்கிறோம். இந்த வரிசையைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது பாருங்கள், 'தொங்கல்' என்பதில் அது கிடைக்காது.

> பிணை என்றால் பைண்ட் அல்லவா? பைண்ட் மவுண்டை என்ன செய்வீர்கள்?

கோவை ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பைண்ட் மவுண்டில் ஒரே மரம் இரண்டு இடத்தில் தெரிகிறது, ஆகவே 'இரட்டைப் பிணைப்பு' என்று வைத்தால் என்ன நடக்கிறது என்பதும் விளங்கும். 'மறுபிணைப்பு' ரீமவுண்டுக்கு (பிணைத்ததைத் தெரிவுகள் மாற்றி மறுபடி பிணைப்பதற்கு) வேண்டும், அதைத் தொட வேண்டாம். சாக்கெட் பைண்டுக்கு (வலைத்தொடர்பு முனையை ஒரு முகவரியோடு சேர்ப்பதற்கு) பிணை என்று எழுதுகிறவர்கள் தொடர்ந்து எழுதட்டும், அங்கே முகவரி என்ற சொல் கூடவே வருவதால் குழப்பம் வராது.

107ஆம் பிழைச் செய்தியை 'போக்குவரத்து முனை இணைக்கப்படவில்லை' என்று மொழிபெயர்த்து ஒருவர் அனுப்பியிருந்தார். அது வலைப்பின்னல் சாக்கெட்டுகளுக்காகப் பிறந்த பிழைப்பெயர், ஃபியூஸ் அதை எடுத்துப் பயன்படுத்துகிறது. அப்படியே தமிழாக்கினால் படிப்பவர் நெட் கேபிளைப் பார்க்கப் போவார். ஃபியூஸ் ஆவணத்தில் 'பிணைப்பு அறுந்துள்ளது' என்றே எழுதுவோம்.

இனித் தம்பியின் நிரல். நிற்பதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய அமைப்புக் கோப்பிலேயே தெரிகிறது. தரவுத்தளக் கோப்பு பிணைமுனைக்கு உள்ளேயே இருக்கிறது, நிரலும் ஒற்றை இழையில் (த்ரெட்) ஓடுகிறது, அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். ஒருவர் எல்எஸ் கொடுத்ததும் நிரல் தரவுத்தளத்தைத் திறக்கப் போகிறது. அந்தக் கோரிக்கை கருனிக்குப் போய் உங்கள் நிரலிடமே திரும்பி வருகிறது. நிரலோ முதல் கோரிக்கையை இன்னும் முடிக்கவில்லை. தரவுத்தளத்தை வெளியே வேறு அடைவுக்கு மாற்றுங்கள். பல இழையில் ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் சுற்று அப்படியேதான் இருக்கும்.

கோப்பைத் திறந்தால் காலியாக வருவது வேறு கதை. கோப்பின் விவரங்களைச் சொல்லும் கெட்ஆட்டர் செயற்கூற்றில் அளவு 0 என்று தருகிறீர்கள், அதனால் கருனி படிக்கவே வருவதில்லை. உண்மை அளவைக் கொடுங்கள். முன்கூட்டித் தெரியாதென்றால், அளவைப் பொருட்படுத்தாமல் படிக்கவிடும் டைரக்ட் ஐஓ தெரிவைப் போடுங்கள்.

மாற்றிய பிறகு -எஃப் (முன்னணி), -டி (பிழைத்தேடல் வரிகள்) இரண்டையும் கொடுத்து முன்னணியில் ஓட்டி, நிற்கும் இடத்தில் கடைசியாக வந்த இருபது முப்பது வரிகளை இங்கே ஒட்டுங்கள். வெயிட்டிங் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.

சொல்லில் ஒன்று பாக்கி. லேசி அன்மவுண்ட் பெயரை உடனே எடுத்துவிடும், உள்ளே பயன்பாட்டில் உள்ளவை முடியும்வரை உண்மையான அவிழ்ப்பு நடக்காது. சிக்கிய பிணைப்பில் இதைக் கொடுத்தால் பெயர்தான் போகும், நின்ற நிரல்கள் நின்றபடியே இருக்கும். 'சோம்பல் அவிழ்ப்பு' எனக்குப் பிடிக்கவில்லை. 'பின்னவிழ்ப்பு' என்று யோசித்தேன், ஆனால் பெயர் உடனே போய்விடுவதை அது சொல்லவில்லை. அக்கா, ஐயா, உங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.