டூம் என்றால் அழிவுதானா?

கேள்வி:

இங்கிலாந்தின் பழைய சட்டங்களைப் பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 600-ஆம் ஆண்டு வாக்கில் கென்ட் நாட்டை ஆண்ட ஏதல்பெர்ட் மன்னரின் சட்டத்தொகுப்பின் தலைப்பு, 'ஏதல்பெர்ட் மன்னர் ஏற்படுத்திய டூம்கள் இவை' என்று வருகிறது. டூம் என்றால் அழிவு, கெட்ட கதி என்றுதான் எனக்குத் தெரியும். அப்படியே 'அழிவுகள்' என்று எழுதிவிட்டுக் கீழே வந்தால், கட்டைவிரலை வெட்டியவன் 20 ஷில்லிங் கொடுக்க வேண்டும், முன்பல்லுக்கு 6 ஷில்லிங் என்று இழப்பீட்டுக் கணக்காகப் போகிறது. இதில் அழிவு எங்கே? இரண்டு நாளாக இந்த ஒரு வரியிலேயே நிற்கிறேன்.

பதில் 1:

கிங்டம், ஃப்ரீடம், விஸ்டம் என்ற சொற்களின் கடைசியில் வரும் 'டம்' இதே சொல்தான். அங்கெல்லாம் கெட்ட பொருள் துளியும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பதில் 2:

தயவுசெய்து 'அழிவு' என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இது 'தோம்'. பொருள்: தீர்ப்பு, சட்டம், ஆணை. நல்லது கெட்டது என்ற சாயமே அதில் கிடையாது. பிளட் (இரத்தம்) - பிளீட் (இரத்தம் சிந்து), ஃபுட் (உணவு) - ஃபீட் (உணவூட்டு) போல டூம் - டீம் ஒரு ஜோடி. 'இப்படிக் கருதுகிறேன்' என்ற பொருளில் இன்று வழங்கும் டீம் முதலில் 'தீர்ப்புச் சொல்' என்றே இருந்தது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள மான் தீவில் உயர்நீதிமன்ற நீதிபதிக்கு இன்றும் டீம்ஸ்டர் என்றுதான் பெயர். ஸ்வீடன் மொழியில் 'தோம்' இன்றைக்கும் நீதிமன்றத் தீர்ப்பு.

ஆல்ஃபிரட் மன்னர் 9-ஆம் நூற்றாண்டில் தொகுத்த சட்டநூலின் முன்னுரையில் ஒரு இடம் உண்டு. பிறர் உனக்குச் செய்யக் கூடாது என்று நினைப்பதை நீ பிறருக்குச் செய்யாதே என்று சொல்லிவிட்டு, இந்த ஒரு டூமை மனத்தில் வைத்தாலே ஒருவன் எல்லாருக்கும் நேர்மையாகத் தீர்ப்பளிக்கலாம், வேறு டூம்-நூல் தேவையில்லை என்கிறார். அவ்வளவு இதமான வாக்கியத்தில் இருந்த சொல் இது!

அப்புறம் எப்படிக் கெட்டது? டூம்ஸ்டே வழியாக. அது உலகமுடிவில் கடவுள் தீர்ப்பளிக்கும் நாள். தமிழ் விவிலியம் சரியாக 'நியாயத்தீர்ப்பு நாள்' என்கிறது. இடைக்கால இங்கிலாந்தின் தேவாலயங்களில், பலிபீடப் பகுதிக்கு முன்னால் உள்ள வளைவின் மேல், அந்த நாளைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார்கள். அந்த ஓவியத்துக்கே டூம் என்று பெயர். சாலிஸ்பரியில் புனித தாமஸ் தேவாலயத்தில் 15-ஆம் நூற்றாண்டு டூம் ஒன்று இருக்கிறது. பின்னால் வெள்ளையடித்து மூடி, 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி வெளிப்பட்டது. ஒரு பக்கம் கல்லறையிலிருந்து எழுந்து மேலே போகிறவர்கள், மறுபக்கம் நரகத்தின் வாய்க்குள் இழுக்கப்படுகிறவர்கள். பார்ப்பவர் கண் எந்தப் பக்கம் போய் நிற்கும்? தீர்ப்பு என்ற பொருள் தேய்ந்து, தண்டனை, தலைவிதி, கடைசியில் பேரழிவு என்று ஆனதில் வியப்பில்லை.

வில்லியம் மன்னர் காலத்து நிலக்கணக்கேட்டுக்கு (1086) டூம்ஸ்டே புத்தகம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இதனால்தான். கடவுளின் அந்தத் தீர்ப்பைப் போலவே, அதில் எழுதியதை எதிர்த்தும் மேல்முறையீடு கிடையாது.

இன்னும் ஒன்று. டூமின் வேர் 'வை, நிறுத்து' என்ற பொருளுள்ள பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். அதுவே சமஸ்கிருதத்தில் 'தா' (dhā) என்று இருக்கிறது. 'வி' என்ற முன்னொட்டுச் சேர்ந்து 'விதி' ஆயிற்று. நாம் 'சாலை விதி' என்றும் சொல்கிறோம், 'எல்லாம் விதி' என்றும் சொல்கிறோம். சட்டம், தலையெழுத்து இரண்டும் ஒரே சொல்லில்! இதைக் கண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதில் 3:

நம் 'ஊழ்' என்ற சொல்லுக்கும் முறை என்று ஒரு பொருள் உண்டு. பரிமேலழகர் ஊழ், முறை, விதி எல்லாவற்றையும் ஒருபொருட் சொற்களாகவே அடுக்குகிறார்.

கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. 'ஏதல்பெர்ட் மன்னர் விதித்த விதிகள் இவை' என்று மாற்றிவிட்டேன். சரியாக இருக்குமா?

பதில் 2:

மிகச் சரி, கைவைக்காதீர்கள். ஆனால் கட்டுரையில் பின்னால் டூம்ஸ்டே வந்தால் அங்கே 'தீர்ப்பு நாள்' என்றே போடுங்கள். 'விதி நாள்' என்றால் யாருக்கும் புரியாது.