பதினேழாவது இடமும் ஒரு கோப்பையும்: இந்தப் பருவத்தை வெற்றி என்று சொல்லலாமா?

வெண்சேவல் (கோயம்புத்தூர்), 26 மே 2025

அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு எங்கள் சொந்த மைதானத்திலேயே பிரைட்டனிடம் 1-4 என்று தோற்றதோடு நான் ஆதரிக்கும் லண்டன் கால்பந்து அணியான டாட்டன்ஹாமின் பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடர்) பருவம் முடிந்தது. 38 ஆட்டங்களில் 11 வெற்றி, 5 சமன், 22 தோல்வி. 38 புள்ளிகளோடு, 20 அணிகளில் 17ஆவது இடம். லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் ஆகிய மூன்று அணிகளும் எங்களைவிட மிக மோசமாக ஆடியதால்தான் தரமிறக்க பயம் (கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும்) இல்லாமல் கடைசி வாரங்களைக் கடத்தினோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆனால் அதற்கு நான்கு நாள் முன்னால்தான் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினோம். 2008 லீக் கோப்பைக்கு (பிரீமியர் லீக் அல்ல, இங்கிலாந்தின் தனி வெளியேற்றுப் போட்டி) பிறகு 17 ஆண்டுகள் கழித்து வந்த முதல் கோப்பை அது. ஐரோப்பிய அளவில் 1984க்குப் பிறகு முதலாவது. நம் நேரப்படி நள்ளிரவு 12.30க்குத் தொடங்கிய ஆட்டத்தை, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, கைபேசியின் ஒலியை முழுவதும் அடக்கிவிட்டுப் பார்த்தேன். 42ஆவது நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் கோல் அடித்தபோது வாயைப் பொத்திக்கொண்டேன். 68ஆவது நிமிடத்தில் ஹோய்லுண்ட் தலையால் முட்டிய பந்து ஆளில்லாத கோலுக்குள் போகவிருந்த நேரத்தில், மிக்கி வான் டி வென் அந்தரத்தில் பாய்ந்து காலால் அதை வெளியே தள்ளினாரே, அப்போது என்னையும் அறியாமல் கையை வீசியதில் கட்டிலருகே இருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டு ஓடியது. அம்மா எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆட்டம் முடிந்து, 2015இலிருந்து இந்த அணிக்காகவே ஆடிவரும் சன் ஹியுங்-மின் கொரியக் கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

எங்கள் ரசிகர் குழுவே இப்போது இரண்டாகப் பிரிந்து நிற்பதால், மற்ற அணிகளின் ரசிகர்களிடம் கேட்கிறேன். இந்தப் பருவத்தை வெற்றி என்று சொல்வது நியாயமா? ஆஞ்சே போஸ்டகோக்லு பயிற்சியாளராகத் தொடர வேண்டுமா? தமது இரண்டாவது ஆண்டில் எப்போதுமே ஏதாவது ஒன்றை வென்றுவிடுவதாக அவர் செப்டம்பரில் சொன்னபோது எத்தனையோ பேர் கேலி செய்தார்கள். சொன்னபடியே வென்று காட்டினார். ரொமேரோ, வான் டி வென், கோல்கீப்பர் விகாரியோ ஆகியோர் குளிர்காலத்தில் ஒரே நேரத்தில் காயமடைந்து, நடுக்களத்தில் ஆடப் பழகிய 18 வயது ஆர்ச்சி கிரேயைப் பின்வரிசையின் நடுவில் நிறுத்த வேண்டிய நிலை வந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருந்தாலும் 22 தோல்வி என்பது 22 தோல்விதான்.

செல்ஹேர்ஸ்ற் வாசி (குறொய்டன், லண்டன்)

வணக்கம் தம்பி. நான் கிறிஸ்டல் பலஸ் ஆதரவாளன். 1905இல் தொடங்கிய எங்கள் கழகம் இந்த மாதம் 17ஆம் திகதி வெம்பிளியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று இங்கிலாந்தின் வெளியேற்றுப் போட்டியான எஃப்.ஏ. கிண்ணத்தைப் பெற்றது. அது எங்கள் முதலாவது பெரிய கிண்ணம். ஆகவே உங்கள் முதற் கேள்விக்கு என்னிடம் தயக்கமில்லாத பதில் உண்டு: வெற்றிதான்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2013இல் மேற்பிரிவுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் நாங்கள் 10ஆம் இடத்துக்கும் 15ஆம் இடத்துக்கும் இடையில்தான் முடித்திருக்கிறோம். பன்னிரண்டு பருவங்கள். இவற்றில் எந்த ஆண்டில் 11, எந்த ஆண்டில் 14 என்று என்னைக் கேட்டால், பெரும்பாலான வீட்டு ஆட்டங்களுக்குப் போயிருந்தும், எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஆனால் 2010 மே மாதத்தில், கழகம் கடனில் மூழ்கி, அதற்கென நியமிக்கப்பட்ட நிர்வாகிகளின் கையிலிருந்தபோது, ஹில்ஸ்பரோவில் ஷெபீல்ட் வென்ஸ்டேயுடன் 2-2 எனச் சமன் செய்து தரமிறக்கத்திலிருந்து பிழைத்த அந்த மாலை முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. 2016 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் பஞ்சன் கோல் போட்டு நாங்கள் முன்னிலை பெற்ற அந்தச் சில நிமிடங்களும், பிறகு யுனைடெட்டிடம் 1-2 எனத் தோற்றதும் நினைவிருக்கின்றன.

இம்முறை மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டம் தொடங்குமுன் எங்கள் பக்கத்துக் கூட்டத்தின் மேல் ஒரு பெரிய பதாகை விரிந்தது: தந்தை ஒருவரை அவருடைய இரு பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துகிற காட்சி. அதன் கீழே நின்றுகொண்டு என் மகனின் தோளைப் பிடித்தேன். அவனுக்கு வயது பதினாறு, பொதுவாகக் கையைத் தட்டிவிடுவான், அன்று தட்டவில்லை. 16ஆவது நிமிடத்தில் முனோஸ் வலப்பக்கத்திலிருந்து கொடுத்த பந்தை எஸே அடித்தார். பிறகு மர்மூஷின் பெனால்டியை ஹென்டர்சன் தடுத்தார். மிச்ச நேரம் முழுவதும் சிட்டி எங்கள் எல்லைக்குள்ளேயே நின்றது. முடிவில் மேலதிகமாகப் பத்து நிமிடம் என்று பலகை காட்டியபோது எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்காரர் ஒருவர் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

பயிற்றுநர் விடயத்தில், எங்கள் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். இந்தப் பருவத்தின் முதல் எட்டு லீக் ஆட்டங்களில் நாங்கள் ஒன்றிலும் வெல்லவில்லை. முதலாவது வெற்றி ஒக்ரோபர் 27இல் வந்தது. அதுவும் உங்களுக்கு எதிராகத்தான், மட்டேற்றா போட்ட ஒரே கோலால். எங்கள் பயிற்றுநர் கிளாஸ்னரை அன்றைக்கு முன்னமே அனுப்பியிருந்தால், இன்று 53 புள்ளிகளும் இருக்காது, கிண்ணமும் இருக்காது.

மதுரை வில்லன் (மதுரை)

செல்ஹேர்ஸ்ற் ஐயாவுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். ஏப்ரல் 26 அரையிறுதியில் எங்கள் ஆஸ்டன் வில்லாவை 3-0 என்று தோற்கடித்துத்தான் உங்கள் அணி இறுதிக்குப் போனது. அன்று எங்களைவிட எல்லா வகையிலும் நன்றாக ஆடினீர்கள். இருந்தாலும் உங்களோடு நான் உடன்படவில்லை.

நேற்று இரவு நடந்ததைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் சமன் செய்திருந்தால்கூட 67 புள்ளிகளோடு ஐந்தாம் இடமும், அதனால் அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் (ஐரோப்பாவின் முதல்நிலைப் போட்டி) ஆடும் வாய்ப்பும் எங்களுக்குக் கிடைத்திருக்கும், ஏனென்றால் நியூகாசில் தன் வீட்டிலேயே எவர்ட்டனிடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. முதல் பாதி முடியும் தறுவாயில் எங்கள் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்த நிலையில், 73ஆவது நிமிடத்தில், யுனைடெட் கோல்கீப்பர் கைநழுவவிட்ட பந்தை எங்கள் மார்கன் ராஜர்ஸ் தட்டிப் பறித்து கோலுக்குள் தள்ளினார். ஆனால் பந்து கோட்டைத் தாண்டும் முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டார். கோல்கீப்பரின் இரண்டு கைகளும் பந்தின் மேல் இருந்ததாக அவர் நினைத்திருக்கிறார். விசில் ஊதிய பிறகு ஆட்டம் நின்றதாகவே பொருள், எனவே வி.ஏ.ஆர். (காணொளி மறுபார்வை) அதைத் தொட முடியாது. ஒரே ஒரு நொடி பொறுத்திருந்தால் மறுபார்வை நடந்திருக்கும், கோல் நின்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன். மூன்றே நிமிடத்தில் யுனைடெட்டின் அமாத் அடித்தார், பிறகு எரிக்சன் பெனால்டியில் அடித்தார், 0-2. நியூகாசிலும் நாங்களும் 66 புள்ளிகளில் முடித்தோம். கோல் வித்தியாசத்தில் நாங்கள் ஆறாவது.

இவ்வளவு வலியிலும் அந்த ஒரு விசிலால்தான் எங்கள் பருவம் போயிற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிப்ரவரி 15 அன்று, தரமிறங்கப் போகிற இப்ஸ்விச், முதல் பாதியிலேயே ஒருவரை இழந்து பத்துப் பேரோடு எங்கள் வில்லா பார்க்கில் ஆடியது. அந்த ஆட்டத்தை நாங்கள் 1-1 என்று விட்டோம். அந்த இரண்டு புள்ளிகள் கையில் இருந்திருந்தால் நேற்றைய நடுவரின் பெயரை நான் தேடிப் பார்த்திருக்கவே மாட்டேன். லீக் பட்டியலில் இப்படி எதுவும் மறைவதில்லை. மழை நாளில், கவனம் சிதறிய ஒரு பிற்பகலில் தவறவிட்டதும் மே மாதக் கணக்கில் வந்து நிற்கும். அதனால்தான் பட்டியலை நான் கோப்பையைவிட மேலாக மதிக்கிறேன்.

வெண்சேவல் நண்பரே, உங்கள் கோப்பையை நான் குறைத்துப் பேசவில்லை. பில்பாவோவில் நீங்கள் வென்ற யுனைடெட் 42 புள்ளிகளோடு 15ஆவது இடத்தில் முடித்த அணி. இந்தப் பருவத்தில் லீக் கோப்பை உட்பட நான்கு முறை அதைச் சந்தித்து நான்கு முறையும் வென்றிருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். ஆனால் சொந்த மைதானத்தில் இப்ஸ்விச்சிடமும் லெஸ்டரிடமும் 1-2 என்று தோற்ற அணிக்கு, யூரோப்பா கோப்பையை வென்றதால் கிடைத்த அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் எப்படிப்பட்ட இரவுகள் காத்திருக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். நாங்கள் இந்த ஆண்டு அங்கே காலிறுதி வரை போய், பாரிஸ் அணியை எங்கள் வீட்டில் 3-2 என்று வென்றும், மொத்தக் கணக்கில் 4-5 என்று வெளியேறினோம். அந்தத் தரம் வேறு. பயிற்சியாளருக்கு மாலை போட்டு, நன்றி சொல்லி அனுப்புவதே சரி.

நீலக் கரை (லிவர்பூல்)

இங்கே ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன், எவர்ட்டன் ரசிகன். எங்களுக்குக் கோப்பையும் இல்லை, பட்டியலில் உயர்ந்த இடமும் இல்லை. 48 புள்ளி, 13ஆவது இடம். ஆனால் இந்தப் பருவத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. 1892இலிருந்து ஆடிவந்த குடிசன் பார்க்கில், மே 18 அன்று, ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம் நடந்தது. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இருந்தாலும் காலையிலேயே போய், மைதானத்தின் இரண்டு ஸ்டாண்டுகள் சந்திக்கும் மூலையில் ஒட்டினாற்போல் நிற்கும் செயின்ட் லூக் தேவாலயத்தின் பக்கத்தில், நீலப் புகைக்கு நடுவில், ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றுகொண்டேன். உள்ளே இலிமான் என்டியாயே இரண்டு கோல் அடித்ததையும் சுவருக்கு வெளியே கேட்ட சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டோம். பிப்ரவரியில் லிவர்பூலுக்கு எதிரான கடைசி குடிசன் ஆட்டத்தில், 98ஆவது நிமிடத்தில் டார்க்கவ்ஸ்கி அடித்து 2-2 ஆக்கியதும் இந்தப் பருவத்தில்தான். எனவே ஒரு பருவத்தின் மதிப்பைக் கோப்பையா பட்டியலா என்று இரண்டே தட்டில் வைத்து நிறுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

பயிற்சியாளரைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு. ஜனவரியில் டைச் விலக்கப்பட்டபோது நாங்கள் 19 ஆட்டங்களில் 17 புள்ளி எடுத்திருந்தோம். மோயஸ் வந்த பிறகு, ஏறக்குறைய அதே வீரர்களை வைத்துக்கொண்டு, மீதி 19 ஆட்டங்களில் 31 புள்ளி. பொறுமை நல்லதுதான், மாற்றமும் சில வேளை அணியைக் காப்பாற்றுகிறது.

ஆன்ஃபீல்டு அன்பன் (சென்னை)

வெண்சேவல் நண்பரே, நீங்கள் ஏப்ரல் 27 அன்று எங்கள் லிவர்பூலின் மைதானத்துக்கு வந்து 5-1 என்று தோற்ற நாளில்தான் நாங்கள் 20ஆவது லீக் பட்டத்தை உறுதி செய்தோம் என்பதால் இதில் நான் அதிகம் பேசுவது முறையாகாது. ஒரே ஒரு செய்தி. 2018-19இல் லிவர்பூல் ஒரே ஒரு தோல்வியோடு 97 புள்ளி எடுத்தும் ஒரு புள்ளியில் லீக்கை இழந்தது. மூன்று வாரத்தில், மாட்ரிட்டில், உங்களை 2-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கைப் பெற்றோம். அந்த இரவு லீக்கை இழந்த ஏக்கத்தைத் தீர்த்ததா என்றால், இல்லை. அடுத்த ஆண்டு லீக்கை வென்றபோதும், நோய்த்தொற்றுக் காலத்தில் ஆளில்லாத மைதானத்தில் வென்றதால், மனம் நிறையவில்லை. இந்த ஏப்ரலில் கூட்டத்தோடு வென்றபோதுதான் நிறைந்தது. ஆகவே வில்லா நண்பர் சொல்லும் பட்டியலும் வேண்டும், செல்ஹேர்ஸ்ற் ஐயா சொல்லும் கூட்டமும் வேண்டும். உங்களுக்குக் கோப்பையும் கூட்டமும் கிடைத்திருக்கின்றன. பட்டியலைச் சரிசெய்ய அடுத்த ஆண்டு இருக்கிறது.

வெண்சேவல் (கோயம்புத்தூர்)

நேரம் எடுத்து எழுதிய அனைவருக்கும் நன்றி. மதுரை நண்பர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இப்ஸ்விச் ஆட்டத்தைப் பற்றி அவர் தம் அணியையே குறை சொல்லிக்கொண்ட இடம் என்னைத் தைத்தது, ஏனென்றால் நாங்கள் இதுவரை எங்கள் தோல்விகளுக்கெல்லாம் காயங்களையே காரணமாகச் சொல்லிவந்தோம். 64 கோல் அடித்து 65 கோல் வாங்கியிருக்கிறோம். 17ஆம் இடத்தில் முடித்த அணிக்கு வித்தியாசம் வெறும் -1 என்பது, இத்தனை கோல் அடிக்கத் தெரிந்தும் முன்னிலையைக் காக்கத் தெரியவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. ஆட்கள் குறைந்தபோதும் பின்வரிசையை அவ்வளவு முன்னால் நிறுத்தி ஆடியதற்குப் பயிற்சியாளர்தான் பொறுப்பு.

ஆனால் அதே பயிற்சியாளர்தான் பில்பாவோவில் தம் வழக்கத்தை விட்டு, பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று காத்து வென்றார். மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் என்பதற்கு அதுவே சான்று என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை ஊர்வலத்தில், மூன்றாம் ஆண்டு இரண்டாம் ஆண்டைவிட நன்றாக இருக்கும் என்று அவர் கூட்டத்திடம் சொன்னார். அந்த மூன்றாம் ஆண்டை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது இப்போது என் பக்கம். கிளப் நிர்வாகம் என்ன முடிவெடுக்கும் என்பது வேறு விஷயம்.

செல்ஹேர்ஸ்ற் ஐயா, உங்கள் மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 13 அன்று உடினேயில் சூப்பர் கோப்பை ஆட்டம்; பாரிஸ் அல்லது இன்டர், இரண்டில் எது சாம்பியன்ஸ் லீக்கை வெல்கிறதோ அதோடு நாங்கள் மோதுகிறோம். நம் நேரப்படி மறுபடியும் நள்ளிரவு 12.30தான் வரும். இந்த முறை தானும் விழித்திருந்து பார்ப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.